தை பதினான்கில் போட்ட கையெழுத்து

மல்வேர்ன், ஸ்கார்பரோ
12 ஐப்பசி 2025

அன்பின் பேபிக்கு,

நானும் மகள் நிரோஷினியும் சுகமாய் இருக்கிறோம். நீரும் உமது தங்கச்சி வீட்டாரும் கொக்குவிலில் சுகமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உமது குரலைக் கேட்டால் நான் வழமைபோலக் கதையை மாற்றிவிடுவேன். அதுதான் எழுதுகிறேன்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. முழங்காலுக்கு ஊசி போட்ட பிறகு பஸ் ஸ்ரொப் வரை நடக்கிறேன். மகள் ஞாயிறுகளில் சமைத்துக் கொண்டுவந்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போகிறாள். உப்புத்தான் எப்போதும் கொஞ்சம் கூட.

மகன் படித்த பள்ளிக்கூடத்து வாசலில் அவனுக்கு ஒரு நினைவுக் கல் வைக்கிறார்கள். வாற மாதம் பதினோராம் திகதி, போரில் இறந்தவர்களை நினைக்கும் நாளில் திறப்பு. அவனுக்குச் சரித்திரம் படிப்பித்த அன்ட்ரூ மாஸ்ரர்தான் ஓடித் திரிந்து செய்கிறார். ஜனார்த்தன் விநாயகமூர்த்தி, 1987–2009, கந்தகார், ஆப்கானிஸ்தான் என்று இரண்டு மொழியிலும் வெட்டுகிறார்கள். தமிழில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தது, நான் போய்த் திருத்திக் கொடுத்தேன். திரையைத் தாய்தான் விலக்க வேண்டும் என்று மாஸ்ரர் கேட்கிறார். மகள் உமக்கு பிளேன் ரிக்கற் போடத் தயாராக இருக்கிறாள்.

அதற்கு முதல் நீர் அறிய வேண்டியது ஒன்று இருக்கிறது.

அவனைப் பெட்டியில் வைத்து றென்ரன் விமானத்தளத்திலிருந்து கொண்டுவந்த நாள் உமக்கு நினைவிருக்கும். 401 பெருந்தெருவின் பாலங்களில் எல்லாம் முன்பின் தெரியாத சனம் கொடியோடு நின்றது. நீர் ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. காருக்குள் குனிந்திருந்து, "நான் போ எண்டு சொன்னன், பிள்ளை போயிட்டான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னீர். நான் பக்கத்தில் இருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

கணக்கில் குறைந்த புள்ளி எடுத்து வந்த அன்று நீர் அவனை ஏசினது 2005 பங்குனியில். படிக்க விருப்பமில்லாவிட்டால் எங்கேயாவது போ என்றீர். அடுத்த கிழமையே கனடா ஆமியில் சேர்ந்துவிட்டேன் என்று வந்து நின்றான். உமது சொல்லாலேதான் போனான் என்று நீர் முடிவுகட்டினீர்.

பள்ளிக்கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவென்று மகள் அவனுடைய ஆமிக் கடதாசிகளின் பிரதியைக் கேட்டு எடுத்தாள். அதில் ஒன்று சம்மதப் பத்திரம். பதினெட்டு வயதாகாத பிள்ளை சேர்வதென்றால் பெற்றோர் ஒருவர் ஒப்பமிட வேண்டும். அதில் இருப்பது என் கையெழுத்து, பேபி. திகதி தை பதினான்கு, ஜனவரி 14 என்று போட்டிருக்கிறது. நீர் ஏசினதற்கு இரண்டு மாதம் முந்தி.

மகள் அதை மேசையில் வைத்து, அம்மாவுக்குத் தெரியுமோ என்று கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். அவள் பிரதியை மடித்து வைத்தாள். பிறகு, "நீங்கள் சொல்லாட்டில் நான் சொல்லுவன் அப்பா" என்றாள். அவளாலே மட்டும் எழுதுகிறேன் என்று நினையாதேயும். ஆனால் அவள் அப்படிச் சொல்லியிராவிட்டால் இன்னும் எத்தனை வருஷம் இழுத்திருப்பேனோ தெரியாது.

அன்று பொங்கல். காலையில் நீர் பொங்கிப் படைத்தீர். பின்னேரம் அவன் என் தொழிற்சாலைக் கார்ப் பார்க்கிங்குக்கு வந்தான். பத்திரத்தைக் கார் பொனற்றில் வைத்தான். குளிரில் பேனை எழுதவில்லை, அவன் அதை வாயால் ஊதிச் சூடாக்கித் தந்தான். ஊரில் உமது தம்பியை ஆமி பிடித்துப் போனதிலிருந்து பச்சை உடுப்பைக் கண்டால் நீர் வீதியின் மறுபக்கம் போய்விடுவீர் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அம்மா தாங்கமாட்டா என்றேன். அதற்கு அவன், "ஆமிக்குப் பயந்து ஓடி வந்த கதைதானே அப்பா எங்கடை வீட்டிலை இருக்கு. சனம் பயப்பிடாத ஒரு ஆமிக்காரனா நான் இருந்து காட்டுறன்" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில்தான் ஒப்பமிட்டேன். அம்மாவுக்குப் பிறகு ஆறுதலாகச் சொல்லுவோம் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம். நீர் ஏசினதோடு சொல்ல நல்ல சாட்டு ஒன்று கிடைத்தது. நான் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

பிறகு அவன் இல்லாமல் போய்விட்டான். உம்மிடம் சொன்னால் உம்மையும் இழந்துவிடுவேன் என்று பயந்தேன். சொல்லாமலே உம்மை இழந்தேன். ஏழு வருஷத்துக்கு முன் நீர் சூட்கேசோடு ஊருக்கு வெளிக்கிட்டபோதுகூட, ஸ்வெற்றர் எடுத்தீரோ என்றுதான் கேட்டேன்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை. திறப்புக்கு வருவதும் விடுவதும் உமது விருப்பம். நீர் வந்தால், என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, மகளின் வீட்டில் அறை இருக்கிறது. வராவிட்டால் அவள் திரையை விலக்குவாள். நான் பின்வரிசையில் நிற்பேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீர் இன்னமும் ஒரு நேரம்தான் சாப்பிடுகிறீராம், பிள்ளையைப் போகச் சொன்ன பாவத்துக்கு என்று உமது தங்கச்சி சொன்னா. அந்தப் பாவம் உம்முடையது இல்லை. இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் ஏசும். ஏசிப்போட்டு, இரவைக்கு ஏதாவது வயிறாரச் சாப்பிடும், பேபி.

இப்படிக்கு,
ஜனார்த்தனின் அப்பா
விநாயகமூர்த்தி