ரயிலடியில் பதினோரு நிமிடம்

சென்னை
24.4.2005

அன்பு அருளுக்கு,

தையில் பஸ் ஏறியவன் சித்திரையில்தான் கடிதம் போடுகிறான் என்று திட்டாதே. திட்டினாலும் முழுதாகப் படித்துவிட்டுத் திட்டு.

ஊருக்கு வரும் ஐயப்பனிடம் ஒரு சிடி கொடுத்தனுப்பியிருக்கிறேன். எங்கள் ரிப்பேர் கடைக்கு வந்த பழைய கம்ப்யூட்டரோடு கிடைத்தது. கேம் என்றுதான் பேர், ஆனால் சுடுவதும் இல்லை, கார் ஓட்டுவதும் இல்லை. ஒரு காதல் கதை! ஜப்பான்காரர்கள் செய்தது. படம் வரும், கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடும், யூமி என்று ஒரு பெண் பேசுவாள். திடீரென்று கதை நின்று, நீ என்ன சொல்கிறாய் என்று நம்மைக் கேட்கும். இரண்டு பதில் இருக்கும். எதை அமுக்குகிறோமோ அந்தப் பக்கம் கதை திரும்பிவிடும். எனக்குப் புல்லரித்துவிட்டது, அருளு.

அட்டையில் ஏழு முடிவு என்று போட்டிருக்கிறது. நான் ஆறுதான் பார்த்தேன். கடைசியில் ஒரு ரயிலடி வரும். யூமி ரயில் வாசலில் நின்று "நான் போகட்டுமா?" என்பாள். "போ" என்றால் போய் மறந்துவிடுகிறாள். "போகாதே" என்றால் இருந்து வாடிப்போகிறாள். நீ எதை அமுக்குவாய்? சந்தியாவின் பிரவுசிங் சென்டரில் போட்டுப் பார்த்துச் சொல்.

உன்
சகாதேவன்

மரக்காணம்
9.5.2005

அன்புள்ள மாமாவுக்கு,

மூன்று மாதமாகப் பெண்டாட்டி நினைப்பே வராதவருக்கு யூமியால் வந்ததே, அவள் நன்றாக இருக்கட்டும். அப்பாவின் கால் புண் இன்னும் ஆறவில்லை. பன்னிரண்டு பாத்தி உப்பையும் நானும் மங்கம்மா அக்காவும்தான் வாருகிறோம். வெயில் ஏறியதும் வேலையை முடித்துக் குளித்துவிட்டு, டிக்ஷனரியும் கையுமாகச் சந்தியா கடைக்குப் போய்விடுகிறேன்.

மாமா, என்ன அதிசயம் இது! அவள் குடை நீட்டுகிறாள். வாங்கிக்கொண்டால் ஒரு கதை, வேண்டாம் என்றால் வேறு கதை. முதல் நாள் நான் கை தவறி அமுக்கிய பதிலை மூன்றாம் நாள் ஞாபகம் வைத்துச் சொல்லிக்காட்டுகிறாள். "ஏன்டி, பேய் அறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்று சந்தியா சிரிக்கிறாள்.

ரயிலடியில் இரண்டையும் அமுக்கிப் பார்த்தேன். இரண்டுமே பொய், மாமா. யாருடைய மனசிலும் அவ்வளவு சின்னதாகப் பதில் இருக்காது.

உங்கள்
அருள்மொழி

சென்னை
16.5.2005

அருளு,

இருப்பதே இரண்டுதான். இரண்டும் பொய் என்றால் எப்படி?

தையில் நானும் அதைத்தானே கேட்டேன்? பஸ் படியில் நின்றுகொண்டு, "சென்னைக்கு வர்றியா, வரலியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்றேன். கண்டக்டர் விசில் அடிக்கும்வரை நீ வாயைத் திறக்கவில்லை. அப்பாவையும் உப்பளத்தையும் விட்டு வரமாட்டாய் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு பேருக்கென்று பிடித்த வீடு இது. ஒற்றை ஆளுக்கு எதற்கு? காலி செய்துவிட்டு, கடையில் வேலை செய்பவரோடு தங்கிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். மாதக் கடைசிக்குள் சொல்லிவிடு. யூமிக்கு இல்லை, எனக்கு.

சகாதேவன்

மரக்காணம்
23.5.2005

அன்புள்ள மாமாவுக்கு,

கோபப்படுங்கள், ஆனால் முதலில் இதைக் கேளுங்கள். ஏழாவது முடிவைப் பார்த்துவிட்டேன்!

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரயிலடிக் கேள்வி ஸ்கிரீனில் நிற்கிறது. மங்கம்மா அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தார். "அருளு, மேகம் கருக்குது! உப்பு போச்சுடி!" என்றார். எதையும் அமுக்காமல் போட்டது போட்டபடி ஓடினேன். குவியலுக்கெல்லாம் கீற்றுப் போட்டு மூடுவதற்குள் மழை கொட்டிவிட்டது. பாதி உப்பைத்தான் காப்பாற்ற முடிந்தது.

தொப்பலாக நனைந்து திரும்பினால் சந்தியா வாயில் கை வைத்து நிற்கிறாள். "நான் தொடவே இல்லடி. அதுவே போகுது!" என்றாள். இரண்டு பதிலும் தானாக மறைந்துபோனதாம். யூமி வெகுநேரம் பார்த்துவிட்டு, "நீ வேண்டாம் என்று சொல்லவில்லை. உனக்குச் சொல்ல வரவில்லை, அவ்வளவுதான்" என்றாளாம். ரயில் கிளம்பியதும் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, தண்டவாளத்து ஓரமாகவே திரும்பி வருகிறாள். நான் போனபோதும் நடந்துகொண்டிருந்தாள். ஈரத்தோடு நின்று பார்த்தேன். அழுதுவிட்டேன், மாமா.

தையில் நீங்கள் பஸ் ஏறிய அன்றைக்கு, ஸ்டாண்ட் டீக்கடை பெஞ்சுக்கு அடியில் என் பை இருந்தது. நான்கு புடவை மடித்து வைத்திருந்தேன். நீங்கள் கிளியனூர் நெல்லுக்காரர், உங்களுக்கு எங்கள் கணக்கு தெரியாது. மாசியில் பாத்தி கட்டினால் ஐப்பசி மழை வரைக்கும் நகர முடியாது. மழையில் உப்பளம் மூழ்கிவிட்டால் தை முடிய எங்களுக்கு வேலையே கிடையாது. மாசி பிறக்க இருபது நாள் இருந்தது. அந்த இருபது நாளைக்கு இப்போது வருகிறேன், பாத்திக்குத் திரும்பிவிடுகிறேன், ஐப்பசியில் மறுபடி வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ரெண்டுல ஒண்ணு என்று கேட்டால் இதை எதில் சேர்ப்பேன்? விசில் அடித்துவிட்டார்கள்.

உங்கள்
அருள்மொழி

சென்னை
2.6.2005

அருளு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, கடை கம்ப்யூட்டரில் காப்பி செய்து வைத்திருந்த அந்த ரயிலடியைப் போட்டேன். எதையும் அமுக்காமல் உட்கார்ந்தேன். இரண்டாவது நிமிடமே கை மவுஸுக்குப் போனது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ஒன்றுமே நடக்கவில்லை, ஸ்பீக்கரில் ரயில் இரைச்சல் மட்டும். பதினோராவது நிமிடம் யூமி தலையைத் திருப்பினாள்.

பதினெட்டு முறை ஆடியிருக்கிறேன். ஒரு முறைகூடப் பொறுக்கவில்லை. உன்னிடமும் ஒரு விசில் வரைக்கும்தான் பொறுத்தேன். அன்றைக்கு அடுத்த நிறுத்தமான கடப்பாக்கத்தில் பஸ் நின்றது. இறங்கி டீ குடித்தேன். திரும்பிப் பார்த்தேன். பிறகு ஏறிவிட்டேன். அதை நினைத்தால்தான் தாங்கவில்லை, பாவி நான்.

வீட்டைக் காலி செய்யவில்லை. வரும் பன்னிரண்டாம் தேதி ஞாயிறு கடப்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து நடந்தே வருகிறேன். எதுவும் கேட்கமாட்டேன்.

உன்
சகாதேவன்

மரக்காணம்
7.6.2005

அன்புள்ள மாமாவுக்கு,

என்ன கிறுக்குத்தனம் இது? யூமி நடந்தது படத்தில். கடப்பாக்கத்திலிருந்து இங்கே வர வெயிலில் அரை நாள் ஆகும். சொன்னாலும் கேட்கமாட்டீர்கள். தலைக்குத் துண்டும் நல்ல செருப்பும் போட்டுக்கொண்டு வாருங்கள்.

அப்பாவிடம் சொன்னேன். "மாப்பிள்ள நடந்தா வர்றாரு?" என்று கேட்டுவிட்டு, அரை மணி நேரம் தனக்குத்தானே சிரித்தார். ஞாயிறு பாத்தி வேலையை மங்கம்மா அக்கா பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். நானும் விடிந்ததும் கிளம்பி, வடக்கே பார்த்து உங்கள் எதிரே நடக்கிறேன்.

பையை நான் இன்னும் பிரிக்கவில்லை. ஐப்பசி வரைக்கும் அப்படியே இருக்கட்டும்.

எங்கே சந்தித்தாலும் சாலை ஓரமாக என் பக்கத்தில் சும்மா உட்காருங்கள், மாமா. நான் பேசுவேன். பதினோரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம்.

உங்கள்
அருளு