நத்தைக்கல் கேம்ஸ்: ஏழு மூலங்கள்

மே 12, திங்கள்

கத்திரி வெயில். காலை ஏழரைக்கே சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. பெரம்பலூர் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு சிமெண்ட் லாரி, பின்னால் ஒரு சிமெண்ட் லாரி. ஜன்னலை மூடினால் வேகிறது, திறந்தால் வாயெல்லாம் மண்.

கல்லூரி ஆபீசில் அட்மிஷன் கூட்டம். டி.சி. நகல் இல்லாமல் வந்தவர்கள் பதினான்கு பேர். பதினான்கு பேரிடமும் எரிந்து விழுந்தேன். "சார் மூஞ்சில எப்பவும் கடுகு வெடிக்குது" என்று ஒரு அம்மா வெளியே போகும்போது சொன்னது காதில் விழுந்தது. சரிதான்.

மதியம், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு கலைக்களஞ்சியம். ஒன்பது வருடமாக இணையத்தில் சும்மா செய்யும் வேலை. யாராவது எதையாவது எழுதி வைப்பார்கள், ஆதாரம் எங்கே என்று கேட்பேன். 'வடகரை' என்ற பெயரில் எழுதும் இன்னொரு தொகுப்பாளர், நேரில் பார்த்ததில்லை, ஒரு வேண்டுகோள் வைத்திருந்தார். "ஐயா, நத்தைக்கல் கேம்ஸ் கட்டுரைக்கு ஏழு மூலங்கள் தரப்பட்டுள்ளன. தாங்கள் அந்தப் பகுதிக்காரர். எவை நம்பத்தக்கவை என்று பார்த்துச் சொல்லுங்கள். எதுவும் தேறாவிட்டால் கட்டுரையை நீக்கிவிடலாம்."

ஐயா போட்டால் நான் உருகிவிடுவேன் என்று ஊருக்கே தெரிந்திருக்கிறது. பார்க்கிறேன் என்று பதில் போட்டேன்.

சொல்லியிருக்க வேண்டும்: அந்த ஸ்டுடியோவில் ஒரு வருடம், ஆபீஸ் விட்டபின், நானும் வேலை செய்தேன். சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அங்கே மூன்றே பேர். கதிர், புரோகிராம். பிலோமினா, படங்கள். நான், வசனம். ஸ்டுடியோவைத் தொடங்கியது அவர்கள் இருவரும் சேர்ந்து. நான் பிறகு ஒட்டிக்கொண்டவன். பெரம்பலூரில் ஒரு மருந்துக்கடை மாடி. 'சங்குக்காடு' என்று போனில் விளையாடும் கேம். முந்திரிக்காட்டில் கல்லாகிப் போன சங்கு பொறுக்குகிற பெண், அங்கே முன்பு இருந்த கடலுக்குள் போய்விடுவாள். கதை பிலோமினாவுடையது (இனி பி.). ஏலாக்குறிச்சிப் பக்கத்துப் பெண், சின்ன வயதில் பை நிறையப் பொறுக்கியவள். கேம் ஓடு ஓடென்று ஓடியது. கதிர் இப்போது கோயம்புத்தூரில் பெரிய ஆள்.

கட்டுரையின் முதல் வரி: "கதிர் என்பவரால் தனியொருவராகத் தொடங்கப்பட்டது."

மே 13, செவ்வாய்

மோட்டார் ரிப்பேர். இரண்டு குடம் தண்ணீரில் மூன்று பேர் குளித்தோம்.

பி. போன். மூன்று வருடத்துக்குப் பிறகு.

"அண்ணே, நல்லாருக்கீங்களா? லீமா அண்ணி எப்படி இருக்காங்க? மெட்ராஸ்ல ஒரு அனிமேஷன் காலேஜ்ல டீச்சர் வேலைக்குப் போட்டிருக்கேன். சனிக்கெழம இன்டர்வியூ. நானும் சேந்து ஆரம்பிச்ச கம்பெனின்னு எழுதிருந்தேன். போன் பண்ணி கேக்குறாங்க, நெட்ல பாத்தா ஒரே ஆளு பேருதாம்மா இருக்குன்னு. பொய்யி சொல்றேன்னு நெனக்கிறாங்கண்ணே. நீங்கதான அதுல எழுதுறீங்க. ஒரே ஒரு வரி போட்டு விடுங்க."

"ஆதாரம் வேணும்மா. எனக்குத் தெரியும்னு போட முடியாது."

"உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும். ஆனா அது செல்லாது."



"சரிங்கண்ணே. தேடிப் பாருங்க."

லீமா அடுப்படியிலிருந்து: "சம்பளமே இல்லாத வேலை. அதுக்கு சட்டம் வேறயா?" அவளுக்கு என்ன தெரியும், விதி இல்லாவிட்டால் எவனும் எதையும் எழுதுவான்.

மே 14, புதன்

வெயில் குறையவில்லை. கடைவாய்ப்பல் வலி. இஞ்சியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மூலம் 1. ஸ்டுடியோவின் சொந்த இணையதளம். தன்னைப் பற்றித் தானே. செல்லாது.

மூலம் 2. யூடியூப் பேட்டி. எடுத்தவன் கதிரின் மச்சான். செல்லாது.

மூலம் 3. பி. ஊர்ப் பங்குக்கோயிலின் மாத இதழ். "நம் பங்கைச் சேர்ந்த பிலோமினாவும் நண்பர் கதிரும் இணைந்து தொடங்கிய நிறுவனம்." இருக்கிறது! பெயர் அச்சில் இருக்கிறது! கடைசிப் பக்கம் போய்ப் பார்த்தேன். இதழைத் தொகுப்பவர் அவளுடைய சித்தப்பா. சார்பு உண்டு. செல்லாது.

மூலம் 4, 5, 6, 7. நான்கு நாளிதழ்கள். ஆசிரியர் குழு உண்டு, நிருபர் உண்டு. நான்கிலும் கதிர் மட்டும். செல்லும்.

கேமுக்குள்ளேயே பெயர்ப் பட்டியல் இருந்ததே? இருந்தது. புதிய பதிப்பில் கதிர் எடுத்துவிட்டான். பழையது இப்போது எந்தப் போனிலும் திறப்பதில்லை.

மூன்றாவதைப் பட்டியலிலிருந்து என் கையாலேயே அடித்தேன். அடித்துவிட்டு ஏதோ நீதிபதி மாதிரி கண்ணாடியை வேறு துடைத்துக்கொண்டேன். இப்போது எழுதும்போது அருவருப்பாக இருக்கிறது.

மே 15, வியாழன்

ஒரு மணி நேரம் பர்மிஷன். பெரம்பலூர் நூலகம். இணையத்தில் செய்தியின் பாதிதான் இருக்கிறது. முழுதாக அச்சில் பார்க்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது என்பது என் பழக்கம்.

நூலகர் நான்கு பேப்பரையும் தேடி எடுத்து மேசையில் பரப்பினார். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது இதுதான் முதல் தடவை. தலைப்பு மட்டும் வேறு. உள்ளே ஒரே பத்தி, வரிக்கு வரி. "புதன்கிழமை காலை சிறுவாச்சூர் அம்மன் கோயிலில் சிறப்புப் பூஜை செய்து பணியைத் தொடங்கினார்."

நூலகர் என் தோளுக்கு மேலே படித்துவிட்டுச் சிரித்தார். "புதன்கெழம எங்க சார் நடை தொறந்தாங்க? திங்களும் வெள்ளியுந்தான சார் அங்க. எழுதுன ஆளு கோயில் பக்கமே போகல போல."

போனான். எழுதிய ஆள் போனான். வெள்ளிக்கிழமை பூஜைக்குப் போய், மாதாவைக் கும்பிடும் வரதராஜன்பேட்டைக்காரனுக்கு இங்கென்ன வேலை என்று வெளியே வண்டிகளுக்குக் காவல் இருந்தான். அடுத்த புதனன்று பேப்பர்களுக்கு அனுப்ப ஸ்டுடியோவின் செய்திக்குறிப்பைத் தட்டும்போது, ஐந்து நாள் பழசு என்றால் பேப்பரில் போட மாட்டார்கள் என்று புதன் என்றே தட்டினான். நடை எந்தெந்தக் கிழமை திறக்கும் என்று அவனுக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. நான்தான் அது. எந்த நிருபரும் வரவில்லை. என் தாளை நான்கு பேரும் அப்படியே போட்டிருக்கிறார்கள். என் நம்பத்தக்க மூலங்கள் நான்கும் நானே.

முதலில் தட்டியதில் இரண்டு பெயரும் இருந்தன. கதிர் பின்னால் நின்று படித்தான்.

"சார், ரெண்டு பேரு போட்டா கொழப்பம். ஒத்த ஆளா ஜெயிச்சான்னாத்தான் பேப்பர்ல எடுப்பாங்க. அடுத்த கேமுக்கும் நீங்கதான் சார் வசனம்."

எடுத்துவிட்டேன். ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் போதும், பி.லோ.மி.னா. நான்கு எழுத்து. அடுத்த கேமுக்கு அவன் என்னைக் கூப்பிடவே இல்லை. எனக்கு நன்றாக வேண்டும்.

மே 16, வெள்ளி

ஆபீசில் எதுவும் ஓடவில்லை. சீல் தலைகீழாக இரண்டு.

சொன்னால் நான்கும் போகும். மிச்சம் எதுவும் இல்லை, கட்டுரையே நீக்கப்படும். பி. பெயர் சேராது, ஆனால் 'தனியொருவராக' என்ற வார்த்தையும் இருக்காது. இன்டர்வியூவில் அவளைப் பொய்க்காரியாக்க ஒன்றும் இருக்காது. அதுவே பெரிது. நாளை சனி.

மதியம் ஒன்றேகாலுக்கு, தொகுப்பாளர்கள் விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் எழுதினேன்: "இந்த நான்கு செய்திகளும் ஒரே செய்திக்குறிப்பின் நகல்கள். அதை எழுதியவன் நான். இணைந்து தொடங்கிய பிலோமினாவின் பெயரை அதிலிருந்து நீக்கியவனும் நான். கோயில் நடை திறக்காத கிழமையில் பூஜை என்று இருப்பதைப் பாருங்கள்."

ஒன்பது வருடத்து மரியாதை போகட்டும் என்று இருந்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

ஐந்து மணிக்கு வடகரை: "ஐயா, தங்கள் மீது மதிப்புண்டு. ஆனால் அக்குறிப்பைத் தாங்கள்தான் எழுதினீர்கள் என்பதற்கு வெளியான ஆதாரம் உள்ளதா? கோயில் நடை பற்றியது தங்கள் சொந்த ஆய்வு, ஏற்க இயலாது. தொகுப்பாளர் ஒருவரின் கூற்றை வைத்து நான்கு நாளிதழ்களை ஒதுக்க முடியாது. மேலும் தாங்கள் நிறுவனத்துடன் தொடர்புடையவர் என்பதால் இக்கட்டுரையிலிருந்து விலகியிருக்க வேண்டுகிறேன். கட்டுரை நீடிக்கிறது."

ஒரு வார்த்தையும் தப்பில்லை. இந்த விதிகளை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

மெயிலில் அந்தக் குறிப்பைத் தேடினேன். ஸ்டுடியோ முகவரியிலிருந்து அனுப்பியது. பாஸ்வேர்டு கதிரிடம். போன் செய்தேன். "மீட்டிங்ல இருக்கேன் சார், அப்பறம் கூப்புடுறேன்." கூப்பிடவில்லை.

மே 17, சனி

காலையில் லேசாகத் தூறல், மண்ணைக்கூட நனைக்கவில்லை. புழுக்கம் கூடியதுதான் மிச்சம். லீமா மீன் வாங்கச் சொன்னாள், வாங்கினேன், கெட்ட மீன் என்று திட்டு.

பத்து மணிக்கு பி. இன்டர்வியூவுக்கு உள்ளே போயிருப்பாள். பத்தரைக்கு ஒருதரம் போனைப் பார்த்தேன். பதினொன்றுக்கு ஒருதரம்.

பன்னிரண்டு ஐந்துக்கு வாட்சப்.

"அண்ணே, நேத்து நீங்க அங்க எழுதுனத காலைல படிச்சேன், உள்ள கூப்புடுறதுக்கு முன்னாடி. பேப்பர்ல என் பேரு வரலன்னு அன்னிக்கு நான் மாடிப்படில உக்காந்து அழுதேன். பக்கத்துல உக்காந்து, பேப்பர்காரனுங்க வெட்டிட்டானுங்கம்மா, நான் எழுதித்தான் குடுத்தேன்னு சொன்னீங்க. டீ வாங்கிக் குடுத்தீங்க. அது நீங்கதானண்ணே?"

ஆமாம்மா என்று அனுப்பினேன். பார்த்துவிட்டாள். வேலை கிடைத்ததா என்று கேட்க எனக்கு வாயில்லை.