மோட்டார் ஓடினால் விழுகிற பெட்டி

ஜூலை 8, செவ்வாய்

அப்பா தூங்கிவிட்டார். போர்வைக்குள் எழுதுகிறேன்.

நான் டிரவுசர் போட்டு ஓடிய போட்டோ பெரியப்பா போனுக்குப் போனதிலிருந்து வாசலில் ஒரு கேமரா, கொல்லையில் ஒரு கேமரா. அண்ணன் சென்னையிலிருந்து வந்து மாட்டினான். பதிவெல்லாம், பழைய கம்ப்யூட்டரில் செருகிய யூ.எஸ்.பி. பெட்டிக்குள் இருக்கும் நாலு ஹார்டு டிஸ்க்கில் சேருகிறது. சாயங்காலம் அப்பா ஓட்டிப் பார்ப்பார்.

சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவட்ட ஓட்டத் தேர்வு. எண்ணூறு மீட்டர். "இன்னொரு தடவ ஓடுனேன்னு கேள்விப்பட்டேன், பள்ளிக்கூடமே கெடையாது" என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

ஜூலை 10

தண்ணி மோட்டார் போட்டால் கரண்ட் இறங்குகிறது, பெட்டி விளக்கணைந்து விழுந்துவிடுகிறது; பதிவும் நின்றுவிடும்போல. அணைத்துப் போட்டால்தான் திரும்பும். "இந்தப் பொட்டிக்கு என்ன சீக்கோ" என்று அப்பா திட்டினார்.

அவர் சனிக்கிழமை விடியுமுன் சோழபுரம் தோட்டத்துக்குப் போவார். மோட்டாரைப் போட்டுவிட்டுக் கொல்லை வழியாகப் போனால்?

ஜூலை 12

போய் வந்துவிட்டேன். கூடப் படிக்கிற ஷிஃபா வீட்டில் படிக்கிறேன் என்றேன். அம்மா "ம்" என்றாள். நான் போடும் முன்பே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியில் விளக்கு இல்லை.

ஜூலை 15

பெட்டியைச் சரிசெய்ய அண்ணன் வந்திருக்கிறான்.

"பொட்டி விழுந்தாலும் ரெக்கார்டிங் நிக்கலப்பா. கம்ப்யூட்டரோட சொந்த டிஸ்க்லயே போய் விழுந்திருக்கு. ஒண்ணும் போவல."

"மிலிட்டரிக்காரன் மவன்லா!" என்று, பட்டாளத்தில் இருந்து வந்த அப்பா சிரித்தார்.

நாளைக்கு எல்லாவற்றையும் பார்ப்பாராம். சனிக்கிழமையை மட்டும் அழி என்று அண்ணனிடம் கேட்கலாமா? காட்டிக்கொடுத்துவிடுவான். என்ன செய்ய — எங்க போவ?

ஜூலை 16

பார்த்துவிட்டார். ஷூ பையோடு நான் போவது தெரிந்தது. அதற்கு முன்னால் — அம்மா. கொல்லைக் கதவின் கொண்டியை எடுத்தாள். கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். மோட்டாரைப் போட்டாள்.

"நீயுமா ஈஸ்வரி?"

"ஆமா. நாந்தான்."

ஜூலை 19

அப்பா சொன்னபடியே இனிப் பள்ளிக்கூடம் இல்லை. அப்பா அம்மாவோடு பேசுவதில்லை. பெட்டிக்கு யூ.பி.எஸ். வந்துவிட்டது, இனி விழாது.

குளியலறைப் பக்கம் மட்டும் கேமராவில் விழாது. துணி அலசும்போது அம்மா கேட்டாள்:

"எத்தனாவதுட்டி வந்த?"

"ரெண்டாவது. மொத ஆளத்தான் எடுப்பாவ."

"அவ எம்புட்டு முன்னால போனா?"

சோப்பு நுரையோடு இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அம்மா செத்த நேரம் அந்த இடைவெளியையே பார்த்தாள்.

"அம்புட்டுத்தானா?" என்றாள்.