வராத கடைசி ரீல்

மாப்ளே, இன்று காலை நம் தீவின் அபர்டீன் பஜாரில் சினிமா சுவரொட்டிக்குப் பசை காய்ச்சினார்கள். அந்த மைதா வாடை மூக்கில் ஏறியதும் உன்மேல் எனக்கிருந்த பழைய பொறாமை புத்தம்புதிதாக எழும்பிவிட்டது. நீ போய் மூன்று வருடமாகிறது, அது போகவில்லை.

நீ மெட்ராஸ் லீவு முடிந்து கப்பலில் வந்து இறங்கும்வரை, காதர் பாய் டீக்கடையில் கதை சொல்கிறவன் நான் ஒருவன்தான். மாயாபந்தரில் முதலையை வெறுங்கையால் திருப்பி அனுப்பியவன் வேறு எவன் இருக்கிறான்? நீயோ அங்கே புதிதாக வந்த ஒரு யுத்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தாய். இங்கே படப்பெட்டி கப்பலில் வர இரண்டு மாதமாகும். அதற்குள் கதாநாயகனாகவே மாறிவிட்டாய். தம்பி பிணமாகக் கிடக்கும்போது அவன் அழவில்லையாம்; கழன்று கிடந்த செருப்பைத் தம்பி காலில் மாட்டிவிட்டுப் போருக்குப் போனானாம். காதர் பாயின் காலில் மாட்டிக் காட்டினாய். கடையே கண்ணைத் துடைத்தது. எனக்கு வயிறு எரிந்தது.

"முடிவை மட்டும் சொல்லமாட்டேன், படத்துல பாத்துக்கங்க" என்றாய்.

நான் விடுவேனா? "நானும் மெட்ராஸ்ல பாத்தவன்தான். ஜெயிச்சு வந்து பட்டாபிஷேகம் பண்ணிக்கிறான்" என்று அடித்துவிட்டேன். நீ என்னைப் பார்த்தாய். டீயை எடுத்து உறிஞ்சினாய்.

பெட்டி வந்தது. திரையில் அவன் உடம்பெல்லாம் அம்போடு, நின்றபடியே, கண் மூடாமல் செத்தான். அப்பேர்ப்பட்ட நடிப்பு உலகத்தில் கிடையாது. கொட்டகையே மூச்சு விடவில்லை. நான் மட்டும், எழுந்துவிடப்பா என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

விளக்குப் போட்டதும் காதர் பாய் திரும்பினார். "அரே அண்ணே, பட்டாபிஷேகம் கிதர் கயா, எங்க போச்சு? நீங்க படம் பாத்தீங்களா, கனா கண்டீங்களா?" இனி அந்தக் கடையில் நான் வாய் திறக்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

நீ எழுந்தாய். "கடைசி ரீல் வரல பாய். கப்பல்லயே விட்டுட்டானுங்க. வைத்தியர் வந்து பொழைக்க வைப்பாரு, அப்புறந்தான் பட்டாபிஷேகம். நானும் பாத்தேனே!"

கப்பலில் வரும் சாமான் ஒன்று குறைவது நமக்கென்ன புதிதா? அத்தனை பேரும் நம்பினார்கள். இரண்டு பேர் மறுநாள் கப்பல்துறைக்கே போய் ரீலைக் கேட்டுவிட்டு வந்தார்கள்.

அதோடு விட்டாயா? இல்லாத அந்தப் பட்டாபிஷேகத்தைக் கடையில் நடித்தே காட்டினாய். தலையில் கிரீடம் ஏறியதும் மெல்ல இடப்பக்கம் திரும்பி, தம்பி நிற்கவேண்டிய இடத்தைப் பார்த்தாய். என் பொய்யைக்கூட என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டாய். அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

இப்போது அதை நான்தான் சொல்கிறேன், மெட்ராஸில் கண்ணால் கண்டதாகவே. கைதட்டுகிறார்கள். போன வாரமும் காதர் பாய் டீயை ஆற்றிக்கொண்டே, "அச்சா ஹை அண்ணே, நல்லாத்தான் இருக்கு. ஆனா அவரு சொன்ன மாதிரி வரல" என்றார்.

செத்துப்போயும் உன் இடம் காலியாகவில்லை, மாப்ளே. எனக்குத் தாங்கவில்லை.