அப்பாவுக்காக நிரப்பிய படிவம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு திட்ட ஆரம்பிக்கிறேன். ஊரார் மனசையெல்லாம் சரிசெய்கிற படிப்பைப் பத்து வருஷம் படித்தவள், பெற்ற அப்பாவுக்கு ஒன்று என்றதும், "சொந்தக்காரங்கள நாங்க பாக்கக் கூடாதும்மா, அங்கயே ஒரு கிளினிகல் சைக்காலஜிஸ்ட்டப் பாருங்க" என்று போனை வைத்துவிட்டாய். சொல்வது சுலபம். பக்கத்துக் கட்டடத்து லிஃப்டைப் பழுது பார்க்கப் போய், ஏழு மணி நேரம் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டு வந்தாரே, அன்றிலிருந்து லிஃப்ட் கதவைக் கண்டாலே உங்கப்பாவுக்கு வேர்த்துக் கொட்டுகிறது. முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனுஷன், நம் வீட்டு ஆறு மாடியையும் படியில் ஏறுகிறார். "மீன் தண்ணியப் பாத்துப் பயப்படுமா?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்கிறாள். அவள் வாயை அடைக்கவாவது ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கிளம்பினேன்.

அங்கே மனசுக்கு மட்டும் எத்தனை கதவடி! முதல் கதவுக்குள் சைக்யாட்ரிஸ்ட், மருத்துவம் படித்த டாக்டர். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா என்று கேட்டு, பிரஷர் பார்த்து, தூக்கத்துக்கு ஒரு பொட்டு மாத்திரை எழுதினார். பயத்தைப் போக்க உட்கார்ந்து பேசிப் பழக்க வேண்டும், அது சைக்காலஜிஸ்ட் வேலை என்றார். சரியென்று வந்தால், முன்மேசைப் பெண் எங்களைக் கவுன்சிலரிடம் அனுப்பிவிட்டாள். அந்தப் பிள்ளை தங்கமான பிள்ளை, முக்கால் மணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, குடும்பச் சிக்கல், வேலைக் கவலை என்றால் நான் பேசுவேன், இவ்வளவு பெரிய பயம் என் கைக்கு அடங்காது என்று சொல்லிவிட்டது. அடுத்தது சோஷியல் ஒர்க்கர். வீட்டில் யார் யார், துணைக்கு யார் வருவார்கள் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார், ஆனால் அந்தப் புண்ணியவான்தான் சரியான இடத்தில் நாள் வாங்கிக் கொடுத்தார். எல்லாம் மனசுக்குத்தானே வைத்தியம், நாலு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்தால் குடியா முழுகிவிடும் என்று நான் சத்தமாகவே கேட்டேன், அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். அடுத்த வாரம் குறித்த நாளில் போனால், அந்தச் சைக்காலஜிஸ்ட் அறை எங்கே தெரியுமா? ஐந்தாவது மாடியில்! எந்தப் புத்திசாலி அங்கே கொண்டுபோய் வைத்தானோ, என் முட்டி இரண்டும் அவனைச் சபித்துக்கொண்டே ஏறின.

உள்ளே போவதற்கு முன் நாற்பது கேள்வி போட்ட படிவம் கொடுத்தார்கள். உங்கப்பா வழக்கம்போல மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தார். "நீயே போடு, உனக்குத் தெரியாததா" என்று ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். நானும் கடகடவென்று டிக் அடித்துக் கொடுத்தேன். அந்தச் சைக்காலஜிஸ்ட் உன் வயசுதான் இருப்பாள். படித்துப் பார்த்துவிட்டு, கெட்ட கனவு வருகிறதா என்று அப்பாவைக் கேட்டாள். மாத்திரை போட்டதிலிருந்து நன்றாகத் தூங்குகிறேனே என்றார் இவர். யாருக்கும் தெரியாமல் அழுகிறீர்களா என்றாள். நானா, இல்லையே என்றார். நடந்ததற்கு நான்தான் காரணம் என்று தோன்றுவதாகப் போட்டிருக்கிறதே என்றாள். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு அந்த அறையில் எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை.

உன்னிடம் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். லிஃப்டில் மாட்டிக்கொண்ட அன்றைக்கு அவர் போக மாட்டேன் என்றுதான் சொன்னார். ரிட்டயர் ஆகி நாள் முழுக்கக் காலுக்குள்ளேயே சுற்றுகிறாரே என்ற எரிச்சலில், "சும்மாதான ஒக்காந்திருக்கீங்க, போய்ப் பாத்துட்டு வாங்க" என்று விரட்டியது நான்தான். அவர் போன் வீட்டிலேயே கிடந்தது. எங்கேயோ அரட்டை அடிக்கிறார் என்று திட்டிக்கொண்டே நான் சாப்பிட்டேன், படுத்துத் தூங்கியும் எழுந்தேன். லிஃப்டுக்குள் இருட்டில் அவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்த நேரம் அது.

அந்தப் பெண் படிவத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, புதிதாக ஒன்றை எடுத்து அப்பாவிடம் தானே ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு எழுதினாள். எனக்குத் தனியாக ஒரு நாள் குறித்துக் கொடுத்தாள், அதுவும் வேறு ஆளிடம். அப்பாவைப் பார்ப்பதால் என்னை அவள் பார்க்க மாட்டாளாம். உங்கள் கூட்டத்துக்கே இது ஒரு வியாதியா? இறங்கும்போது படியில் வைத்து, அன்றைக்கு நான் சாப்பிட்டதையும் தூங்கியதையும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அதற்கு அவர், "நல்லவேளை, நீயாவது சாப்ட்டியே" என்றார். அங்கேயே உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்க அழுதேன்.

சரி, நீ நேரத்துக்குத் தூங்கு, எண்ணெய் வைக்காமல் தலையைக் காய விடாதே, நீயும் மாத்திரை எழுதுகிற டாக்டர் என்று நினைத்து, தனக்கும் ஒன்று எழுதி வாங்கித் தரச் சொல்லும் எதிர்வீட்டுக்காரிக்கு அடுத்த தடவை போன் செய்யும்போது நீயே பதில் சொல், என்னால் முடியாது. நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு கண்ணு. செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கு முதல் பயிற்சி, திறந்த லிஃப்ட் வாசலில் ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும், உள்ளே போக வேண்டியதில்லை. அது முடிகிறவரை நான் பக்கத்தில்தான் நிற்பேன், சாப்பாடு அப்புறம்.

இப்படிக்கு,
உன்னைத் திட்டாமல் இருக்க முடியாத
அம்மா