கவை கட்டிய மூங்கில்

நேற்று கடை வாசலில் நின்று அம்மன் ஊர்வலம் பார்த்ததிலிருந்து கால் இரண்டும் கனக்கின்றன. எதிரே, அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில், உன் மூங்கில் சாய்ந்து நிற்கிறது. தை மாதம் உன் சம்சாரம் கொண்டுவந்து விட்டுப்போனது. "நிக்க வைக்க வீட்டுல ஒசரம் பத்தலண்ணே. படுக்கப் போட்டா காலத் தடுக்குது. உங்க கடையிலயே கெடக்கட்டும்" என்றது. நுனியில் நீ கட்டிய கவைக்கட்டை அப்படியே இருக்கிறது. கை பிடிக்கிற இடத்தில் தேங்காய் எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை.

சரக்கு வாங்க வருகிறவர்கள் அதைத் துணி காயப்போடும் கழி என்று நினைக்கிறார்கள். துக்காங் எமாஸ் தெருவிலிருந்து காஜா பேராங் வரைக்கும் கரண்டுக் கம்பிகளையும் கடைப் படுதாக்களையும் ஒருவன் முன்னால் நடந்து தூக்கிப் பிடிக்காவிட்டால் அம்மன் ரதம் நகராது என்பது அவர்களுக்கு எங்கே தெரியும்? பன்னிரண்டு வருஷம் அந்த ஒருவன் நீ. ஊரே அம்மனைப் பார்த்துக் கும்பிடும். நீ மட்டும் அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி நடப்பாய். "இத்தன வருஷத்துல ஊர்வலத்துல சாமி மொகத்த ஒரு தடவ நேரா பாத்ததில்லடா" என்று சிரிப்பாய்.

ஒரே கப்பலில் வந்தவர்கள் நாம். நான் கடை போட்டேன், நீ மாட்டுவண்டி வாங்கினாய். என் கடைக்கு வந்த மூட்டை ஒவ்வொன்றும் துறைமுகத்திலிருந்து உன் வண்டியில் ஏறி, உன் தோளில் இறங்கியதுதான். மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வரச் சில மாதம் இருந்த அந்த வருஷம், ரதம் இழுக்க உன் ஜோடி மாடுகளையே கேட்டார்கள். அவற்றுக்குக் கயிறு பிடிக்க ஆள் வேண்டாம். நீ முன்னால் கையை மடக்கினால் நிற்கும், நாக்கைச் சொடுக்கினால் நடக்கும். கொம்புக்குப் பெயின்ட் அடித்து, என் கடை வாசலில் நிறுத்தி எனக்குக் காட்டினாய். உன் கல்யாணத்தில்கூட நீ அப்படி நின்றதில்லை.

எனக்கும் அந்த வருஷம் ஒரு பெருமை இருந்தது. புது போர்டு. தமிழ், மலாய், சீனம் மூன்றிலும் என் பெயர். கனத்த மரப்பலகையை இரண்டு இரும்புக் கொக்கியில் மாட்டி, அஞ்சடி நடைபாதையைத் தாண்டி ரோட்டுப் பக்கம் நீட்டியிருந்தேன். ஊர்வலத்துக்கு மூன்று நாள் முந்தி நீ அண்ணாந்து பார்த்தாய். முதலாளி என்பதைச் சீனர்போலத் 'தவுக்கே' என்றுதான் கேலியாகக் கூப்பிடுவாய் என்னை.

"தவுக்கே, இத ஒரு நாளைக்குக் கழட்டி வை. அம்மன் போனதும் மாட்டிக்க."

"ரதத்தக் கொட்டகையிலயே போய் அளந்துட்டேன்டா. ஒரு சாண் எடம் இருக்கு."

"வெறும் ரதத்த அளந்தியா? பூவ யாரு அளப்பா?"

"பூ என்னடா, வளைஞ்சு குடுக்கும். நீ ஒன் மாட்டப் பாரு."

அர்ச்சனைத் தட்டு வைத்த வாசல்களில் மட்டும்தான் ரதம் ஓரம் கட்டி நிற்கும். மற்றபடி நடு ரோட்டில் போய்விடும். நான் தட்டு வைத்தேன். தேங்காய், பழம், சூடம், எல்லாம் போர்டுக்கு நேர் கீழே. அம்மன் நிற்கிறபோது ஊர் என் பெயரைப் படிக்கட்டும் என்ற கணக்கு. வியாபாரி புத்தி. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

நல்ல வெயில். ரதம் ஓரம் கட்டியது. ரதக் கோபுரத்துக்கு மேல் பூவை மூங்கில் வளையத்தில் கட்டியிருந்தார்கள். அது எங்கே வளையும்? போர்டின் மூலையில் மாட்டிக்கொண்டு ரதம் ஒரு பக்கம் சாய்ந்தது. பெண்கள் கத்தினார்கள். நீ மூங்கிலைப் போர்டுக்கு அடியில் கொடுத்து, அடிக்கட்டையை வலது தோளில் வைத்து எக்கினாய். வளையம் விடுபட்டது. அந்த நேரத்தில்தான் ஒரு கொக்கி பிய்ந்தது. பலகையின் பாரம் முழுவதும் மூங்கில் வழியாக உன் தோளில் இறங்கிய சத்தத்தை நான் கேட்டேன். நீ அதைப் போடவில்லை. அப்படியே தாங்கிக்கொண்டு நாக்கைச் சொடுக்கினாய். ரதம் நகர்ந்த பிறகுதான் உட்கார்ந்தாய்.

சீன வைத்தியர் கட்டுப் போட்டும் அந்தக் கை காதுக்கு மேல் எழும்பவில்லை. மூட்டை தூக்குகிறவனுக்கு அதற்கப்புறம் என்ன இருக்கிறது?

மறுநாள் கோயில் ஆட்கள் விசாரிக்க வந்தார்கள். நீ என் கடையில்தான் தோளில் மருந்துக் கட்டோடு உட்கார்ந்திருந்தாய். அம்மன் ரதத்தை இவன் போர்டு சாய்த்தது என்று பேச்சு கிளம்பினால் ஒருவன் என் கடை வாசல் மிதிக்கமாட்டான் என்று எனக்குத் தோன்றியது. "மாடு மெரண்டுருச்சு" என்றேன். அவர்கள் வாய் திறந்து கேட்கும் முன்பே சொன்னேன். அவர்கள் உன்னைப் பார்த்தார்கள். நீ என்னைப் பார்த்தாய்.

"மொதலாளி பாத்துட்டுத்தானே சொல்றாரு" என்றாய்.

அடுத்த வருஷம் வேறு ஆளின் மாடுகள் வந்தன. மிரளுகிற மாடு என்று பேர் வாங்கிய ஜோடியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, என் கடையில் தராசுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாய். ஐந்து வருஷம். தினமும் ஒரே மேசையில் டீ குடித்தோம். அரிசி பேசினோம், அரசியல் பேசினோம், கூடிக்கொண்டே போகும் லாரிகளைத் திட்டினோம். அதை மட்டும் பேசவில்லை. ஊர்வல நாளில் முக்காலியில் இருந்தபடியே அண்ணாந்து, "எடது கம்பி... தூக்கு, தூக்கு... ஆங்" என்று நீ முணுமுணுப்பாய். நான் உள்ளே போய் எதையாவது அடுக்குவேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். போன ஐப்பசி மழையில் நீ போய்விட்டாய்.

நேற்றும் தட்டு வைத்தேன். ரதம் நின்றது. கோயில் ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இங்கதான் முன்னாடி ஒருத்தரு மாடு மெரண்டு ரதம் சாஞ்சிச்சு" என்றார்.

"மாடு மெரளல" என்றேன். "போர்டு என்னுது. கழட்டச் சொன்னான். நான் கழட்டல."

அவர் தட்டைப் பார்த்தார். "அப்படியாண்ணே? பழைய கதைதானே, விடுங்க லா. தட்டுல சூடம் இன்னும் இருக்கா?"

ஆறு வருஷம் தொண்டையில் வைத்திருந்ததைச் சொல்லி முடிக்க அரை நிமிஷம் ஆகவில்லை. கேட்டவருக்குச் சூடம்தான் வேண்டியிருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

போர்டு அன்றைக்கு விழுந்ததோடு சரி, திரும்ப மாட்டவில்லை. உன் மூங்கிலுக்கு இனி இங்கே வேலை இல்லை. இருந்தாலும் அதை நிற்க வைக்க என் கடையில் உயரம் இருக்கிறது, நிற்கட்டும். கேட்கிறவர்களுக்கு இனிமேல் முழுக்கச் சொல்வேன். கேட்காதவர்களுக்கும் சொல்வேன். உன்னிடம் சொல்ல வேண்டியதை மட்டும் இப்படித் தாளில் சொல்லவேண்டியிருக்கிறது.

ரதம் சாய்ந்தது, கூட்டம் கத்தியது, பலகை பிய்ந்தது. அத்தனைக்கும் உன் மாடுகள் இரண்டும் ஒரு கால் எடுத்து வைக்கவில்லை. நீ நாக்கைச் சொடுக்கும்வரை அப்படியே நின்றன. நான் பார்த்தேன்.