உங்கள் துப்பாக்கிக்கு இரண்டு விசை

அன்புள்ள என்னவருக்கு,

நான் நலம். தோள் மட்டும் இன்னும் கொஞ்சம் வலிக்கிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். படித்து முடிக்கும் வரை கோபப்படக் கூடாது. தொலைபேசியில் சொன்னால் நடுவில் "இரு, இரு" என்று மறிப்பீர்கள். நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்டு வைத்துவிடுவேன்.

உங்கள் இரட்டைக்குழல் துப்பாக்கியை மாற்றிவிட்டேன். விற்கவில்லை, பயப்படாதீர்கள். ஒரே விசையாக இருந்ததை இரண்டு விசையாக்கிவிட்டேன். கேட்டால் வேண்டாம் என்பீர்கள் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை.

மழை விட்டதிலிருந்து கீழ்த்தோட்டத்தில் காட்டுப்பன்றிகள் குடித்தனமே நடத்துகின்றன. நீங்கள் போன பிறகு வைத்த கன்றுகளை வேரோடு புரட்டிப் போட்டுவிட்டன. ஒரு விடியற்காலை பொறுக்க முடியாமல் நானே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். விசையை ஒரு தடவைதான் அழுத்தினேன். இரண்டு குழலும் ஒன்றாக வெடித்தன. பன்றிக்கு ஒன்றும் ஆகவில்லை, நான்தான் வரப்பில் மல்லாந்து கிடந்தேன். தூக்கிவிட ஆளில்லை. அப்படியே படுத்துக்கொண்டு உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு வீட்டுக்கு வந்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டேன். முதுகுப் பக்கம் கை எட்டவில்லை. எட்டாத இடத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

விஷயம் தெரிந்து பக்கத்துத் தோட்டக்காரர் வந்தார். "உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை, நான் வந்து சுட்டுட்டுப் போறேன்" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் அவரையே கூப்பிட்டால் அவர் மனைவி என்னைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திவிடுவாள்.

அதனால் கடைத்தெருவில் பூட்டுக்கடைக்குப் பின்னால் துப்பாக்கி பழுது பார்க்கிறாரே, வானொலி என்று நீங்கள் பேர் வைத்தவர், அவரிடம் கொண்டு போனேன். இன்னும் வாய் ஓயவில்லை அவருக்கு. துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள ரெண்டு பேர் கை வெச்சிருக்காங்கம்மா. ஒருத்தர் கண்டபடி தேய்ச்சிருக்கார், இன்னொருத்தர் அதை மறைச்சிருக்கார்" என்றார். தேய்த்தவர் யார் என்று எனக்குத் தெரியும். காட்டிக் கொடுக்கவில்லை.

முதல் வெடியின் உதையில் நகர்ந்து, விசையை அடுத்த குழலுக்கு மாற்றிவிடும் ஒரு சின்னத் துண்டு உள்ளே இருக்கிறதாம். அது தேய்ந்துவிட்டது. "சரி பண்ணலாம், ஆனா நம்ப முடியாது. ஆளுக்கொரு விசை வெச்சுட்டா சண்டையே இல்லை" என்றார். விசை பொருந்தும் இரும்புத் தகட்டைப் புதிதாகச் செய்து, மரக்கட்டையின் உள்பக்கம் குடைந்து, முன் விசை வலது குழலுக்கு, பின் விசை இடது குழலுக்கு என்று வைத்தார். விசைகளைச் சுற்றியிருக்கும் வளையத்தையும் நீளமாக்கினார். பின் விசையை அழுத்தும்போது முன் விசை விரலில் இடிக்காமல் மடங்கிக் கொடுக்கிறது. அது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

கடைசியில், "யார் சுடப் போறீங்க?" என்று கேட்டார். நான்தான் என்றேன். என் கையை அளந்து, தோளில் வைக்கும் கட்டையின் அடியில் இரண்டு விரல் அகலம் அறுத்துவிட்டார். இனி அது உங்கள் தோளுக்குக் குட்டை. வேண்டுமென்றால் ஒட்டிக்கொள்ளலாம் என்கிறார்.

அடுத்த தடவை போனபோது முதல் குண்டு தவறியது. விரலுக்குப் பழைய பழக்கம், முன் விசையையே திரும்பத் திரும்ப இழுக்கிறேன், வெடிக்கவில்லை. பன்றி நின்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போயிற்று. ஒரே விசையில் பழகியவர்கள் எல்லாரும் இந்தத் தப்பைத்தான் செய்வார்களாம். மருந்தில்லாத தோட்டாவைப் போட்டு வீட்டில் பழகச் சொன்னார் வானொலி. சாயங்காலம் விளக்கு வைத்ததும் கூடத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்து முன், பின், முன், பின் என்று அழுத்திக்கொண்டிருந்தேன். மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு இந்த வீட்டில் கேட்ட சத்தம் அது ஒன்றுதான். இப்போது விரல் தானாகப் பின்னால் போகிறது. போன வாரம் இரண்டு பன்றி விழுந்தன. இரண்டையும் பக்கத்துத் தோட்டத்துக்கே கொடுத்துவிட்டேன். ஒருத்திக்கு எவ்வளவு வேண்டும்?

கப்பல் பட்டறையில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், நீ என்ன சொல்கிறாய் என்று எழுதியிருந்தீர்கள். கூரை மாற்றும் வரைக்கும்தான் என்று சொல்லிப் போனீர்கள். கூரை மாற்றியாகிவிட்டது, ஒழுகவில்லை. அங்கே உங்களுக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள், மரியாதை இருக்கிறது. எனக்குப் புரியாமல் இல்லை.

இங்கே மோட்டார் நின்றால் நானே பிரித்து மாட்டுகிறேன். கட்டிலில் நடுவில் படுக்கிறேன். உப்பு என் நாக்குக்குத்தான் போடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி அடித்ததும், யார் இந்த நேரத்தில் தொந்தரவு பண்ணுகிறார்கள் என்று எரிச்சல் வந்தது. எடுத்தால் நீங்கள். நன்றாகத்தான் பேசினேன், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். வைத்த பிறகு ரொம்ப நேரம் அழுதேன்.

என்னால் முடியவில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும், ஓடி வந்துவிடுவீர்கள். அந்தப் பொய்யை எழுத எனக்கு மனம் வரவில்லை. என்னால் முடிகிறது. நாளுக்கு நாள் நன்றாகவே முடிகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் இல்லாதது எனக்குப் பழகிப்போவதற்குள் வந்து சேருங்கள்.

இன்னும் காத்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி